ஒட்டகத்துக்கும் உண்டு டெஸ்ட்!

‘கம்பைல் ஆயிடுச்சுல்ல... அப்புறம் எதுக்கு மச்சி டெஸ்ட்?’ - ஓகேமல் கத்துக்குற கேங்குல அடிக்கடி கேட்கிற டயலாக் இது. கொஞ்சம் நியாயமும் இருக்கு. 1996-ல் ஃபிரான்ஸின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்த இந்த மொழி, டைப் விஷயத்துல செம ஸ்ட்ரிக்ட். நம்பர் வரவேண்டிய இடத்துல ஸ்ட்ரிங் வந்தா, ஐ.டி. கார்டு இல்லாதவனை கேட்டிலேயே நிறுத்துற வாட்ச்மேன் மாதிரி மடக்கிடும்.

ஆனா, வாட்ச்மேன் கார்டைத்தான் பார்ப்பார். நீங்க உள்ளே போய் என்ன பண்றீங்கன்னு பார்க்க மாட்டார்!

உதாரணத்துக்கு, லீப் வருஷம் கண்டுபிடிக்கிற ஃபங்ஷன். 4-ஆல் வகுபட்டா ‘ஆமா’, இல்லேன்னா ‘இல்லை’. டைப் பக்கா. 2008, 2024-ன்னு எதைக் கொடுத்தாலும் சரியான பதில். 1900-ஐக் கொடுங்க... ‘ஆமா’ங்கும். தப்பு பாஸ்! 100-ஆல் வகுபடுற வருஷம், 400-ஆலும் வகுபட்டாத்தான் லீப். அதனால 2000 லீப், 1900 இல்லை. இதை எந்த டைப் செக்கரும் சொல்லாது. ரிவ்யூவுல எக்ஸ்டெர்னல் சொல்வார்.

சரி, டெஸ்ட்டை எங்கே வைக்கிறது? நிறைய பேர் மொத்த புரோகிராமையும் மெயின் ஃபைல்லயே கொட்டி வெச்சிருப்பாங்க. அங்கேதான் சிக்கல். எக்ஸிகியூட்டபிளுக்குள்ள இருக்கிற ஃபங்ஷனை டெஸ்ட் ஃபைல் வழக்கமான வழியில கூப்பிட முடியாது. லைப்ரரியா இருந்தாத்தான் முடியும். அதனால கணக்கு, லாஜிக் எல்லாத்தையும் ‘லிப்’ ஃபோல்டருக்கு ஷிஃப்ட் பண்ணுங்க. மெயின் ஃபைல் நாலே வரியில ‘பின்’ ஃபோல்டர்ல இருக்கட்டும். மூணாவதா ‘டெஸ்ட்’ ஃபோல்டர். ‘டியூன்’ங்கிற பில்டு டூல்ல புது ப்ராஜெக்ட் ஆரம்பிச்சா, இந்த மூணையும் அதுவே போட்டுக் கொடுத்துடும். (ஒட்டகம் லோகோ உள்ள மொழிக்கு மணல்மேடுன்னு பேர் வெச்ச டூல்... ரசனைக்காரங்கப்பா!)

டெஸ்ட் ஃபோல்டர்ல இருக்கிற ‘டியூன்’ ஃபைல்ல ரெண்டே விஷயம்தான்: டெஸ்ட் ஃபைலோட பேர், அதுக்குத் தேவையான லைப்ரரிகள். உங்க லைப்ரரியோட ‘ஆல்கோடெஸ்ட்’டையும் சேர்த்துக்கோங்க. என் ஓட்டு அதுக்குத்தான். எதிர்பார்த்தது என்ன, வந்தது என்னன்னு கலர்ல பளிச்னு காட்டும்.

எம்.எல்.ஐ. ஃபைல்ல மறைச்சு வெச்ச ஃபங்ஷன் டெஸ்ட்டுக்குத் தெரியாது. அதுக்காக எல்லாத்தையும் திறந்துவிடாதீங்க. வெளியே தெரியுற ஃபங்ஷன் வழியாவே சோதிங்க. 1900, 2000 மாதிரி ஓரத்துல நிக்கிற கேஸ்களை முதல்ல எழுதுங்க. சராசரி கணக்கா? காலி லிஸ்ட் கொடுங்க. இன்டிஜர்னா பூஜ்யத்தால வகுக்கிற எர்ரர் கத்தும். ஃப்ளோட்னா சத்தமே இல்லாம ‘நான்’ வந்து நிக்கும் - ‘நாட் எ நம்பர்’. இதுதான் டேஞ்சர் பார்ட்டி!

‘டியூன் டெஸ்ட்’னு அடிச்சா எல்லாம் ஓடும். மறுபடி அடிச்சா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வராது. பதறாதீங்க. எதுவும் மாறலைன்னா, பாஸான டெஸ்ட்டை டியூன் திரும்ப ஓட்டாது. கட்டாயம் ஓட்டிப் பார்க்கணும்னா ‘ஃபோர்ஸ்’ ஆப்ஷன் இருக்கு.