உங்கள் துணை வேறு நாட்டவராயின்: ஒரே பாலினத் துணைகளுக்கான குடிவரவு உரிமைகள்

மீள்குடியேற்ற விண்ணப்பப் படிவத்தில் "குடும்ப நிலை" என்றொரு கூடு இருக்கும். ஒரே பாலினத் துணையுடன் வாழும் பலர் அந்த இடத்தில் "திருமணமாகாதவர்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். பயமும் வெட்கமும் அதற்குக் காரணமாக இருக்கலாம். வேறு எதை எழுதுவதென்று தெரியாததும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல், பிறகு உங்கள் துணையை உங்களிடம் அழைத்துக்கொள்ளும் வழியை அடைத்துவிடக்கூடும். படிவத்தை நிரப்புவதற்கு முன் இந்தப் பகுதியை வாசியுங்கள்.

எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்?

இலங்கைச் சட்டத்தில் ஒரே பாலினத்தவர் இருவர் திருமணப் பதிவு செய்ய இடமில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365அ பிரிவுகள் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கப் பயன்பட்டு வந்துள்ளன. 1995இல் செய்யப்பட்ட திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஒரு சட்டமூலம் பற்றிய தீர்மானம் சட்டத்தை மாற்றுவதில்லை. மாற்றத்தைப் பாராளுமன்றமே செய்யவேண்டும்.

இதை வைத்து, "எங்கள் உறவுக்கு எங்குமே பெறுமதி இல்லை" என்று நினைக்கவேண்டாம். உங்களை ஏற்கும் நாடு, தனது குடிவரவுச் சட்டத்தின்படியே உங்கள் துணை குடும்ப உறுப்பினரா என்று பார்க்கிறது. சொந்த நாட்டில் திருமணப் பதிவு கிடைக்காது என்பதைக் கணக்கில் எடுத்தே சில நாடுகள் தமது விதிகளை எழுதியிருக்கின்றன. அவற்றில் எங்கள் மக்கள் அதிகமாகச் செல்லும் கனடாவின் விதிகளை முதலில் பார்ப்போம்.

கனடா ஏற்கும் மூன்று வகை உறவுகள்

2002 ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்த கனேடியக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் ஒரே பாலினத் துணைகளுக்கும் பொருந்தும். துணைகள் மூன்று வகைப்படுவர்.

1. வாழ்க்கைத்துணை: சட்டப்படி திருமணம் செய்தவர். கனடாவில் ஒரே பாலினத் திருமணம் 2005 ஜூலை முதல் நாடு முழுவதும் செல்லும். வேறு நாட்டில் செய்த திருமணமாயின், அது அந்த நாட்டுச் சட்டப்படியும் கனேடியச் சட்டப்படியும் செல்லுபடியாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, மாலை மாற்றி, பதிவு செய்யாமல் இருந்தால் அது சட்டத் திருமணமாகாது. ஆனாலும் அந்தப் படங்களை வைத்திருங்கள். உங்கள் உறவுக்கு அவை அத்தாட்சியாகும். தொலைபேசியிலோ இணையத்திலோ, பிரதிநிதி ஒருவரை நிறுத்தியோ செய்யப்படும் திருமணங்களைக் கனடா 2015 ஜூன் முதல் குடிவரவுக்காகப் பொதுவாக ஏற்பதில்லை.

2. பொதுச்சட்டத் துணை: திருமணம் செய்யாமல், கணவன் மனைவியைப் போல, குறைந்தது ஒரு வருடம் தொடர்ச்சியாக ஒன்றாக வாழ்ந்தவர்.

3. மண உறவுக்கு ஒப்பான துணை: அனுசரணை வழங்குபவர் கனடாவில் இருக்கிறார், துணை வெளிநாட்டில் இருக்கிறார், உறவு ஒரு வருடத்திற்கு மேற்பட்டது, ஆனால் விசாத் தடையினாலோ ஒரே பாலினத் திருமணத்திற்குச் சட்டம் இடம் தராததினாலோ ஒன்றாக வாழவும் திருமணம் செய்யவும் முடியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கான வகை இது. துணை ஏற்கெனவே கனடாவுக்குள் இருந்தால் இந்த வகை பொருந்தாது.

இம்மூன்றிலும் துணை எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பது தடையல்ல. அனுசரணை வழங்குபவர் 18 வயது நிரம்பிய கனேடியப் பிரஜையாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருக்கவேண்டும். துணையின் அடிப்படைத் தேவைகளை மூன்று வருடங்களுக்குத் தான் பொறுப்பேற்பதாக அவர் ஒப்பமிடவேண்டும்.

ஒரே கூரையின் கீழ் வாழ முடியாமற் போனவர்களுக்கு

"நாங்கள் ஒன்றாக வீடு எடுத்து இருந்ததே இல்லை. ஊரில் அது எப்படி முடியும்?" என்று கேட்பவர்கள் பலர். கனேடிய ஒழுங்குவிதி இதற்கு நேரடியாகப் பதில் தருகிறது. உறவு குறைந்தது ஒரு வருடமாக இருந்து, துன்புறுத்தல் காரணமாகவோ தண்டனை நடவடிக்கை காரணமாகவோ ஒன்றாக வாழ முடியாமற் போனால், அந்தத் துணையும் பொதுச்சட்டத் துணையாகவே கருதப்படுவார்.

அகதியாக மீள்குடியேறுபவருக்கு இது மிகவும் முக்கியமான விதி. ஏனெனில் பொதுச்சட்டத் துணை உங்கள் விண்ணப்பத்திலேயே சேர்ந்து உங்களுடன் பயணம் செய்யலாம். உங்களுடைய துணை தாமே அகதி என்ற வரைவிலக்கணத்திற்குள் வரவேண்டும் என்பதில்லை. உதாரணமாக, நீங்கள் மலேசியாவில் தங்கியிருக்கும் இலங்கையர், துணை மலேசியப் பிரஜை என்றாலும் அவரைக் குடும்ப உறுப்பினராகக் காட்டலாம்.

துணை உடனே வர முடியாத நிலையில் இருந்தால், நீங்கள் கனடா சென்று ஒரு வருடத்திற்குள் அவரை அழைக்க விண்ணப்பிக்கும் ஏற்பாடு மீள்குடியேறும் அகதிகளுக்கு உண்டு. ஆனால் நீங்கள் புறப்படுவதற்கு முன்பே அவரைப் பற்றி அறிவித்திருக்கவேண்டும்.

அறிவிக்காமல் விட்டால் என்ன நடக்கும்?

நிரந்தர வதிவிடத்திற்கு விண்ணப்பித்த காலத்தில் அறிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்ட குடும்ப உறுப்பினரை, பிறகு குடும்ப வகுப்பின் கீழ் அழைக்க முடியாது என்று கனேடிய விதி சொல்கிறது. வாழ்க்கைத்துணைக்கும் பொதுச்சட்டத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மறந்துபோய் விட்டதா, பயத்தில் விட்டதா என்று விதி வேறுபாடு பார்ப்பதில்லை. மீள்குடியேறிய அகதிகள் போன்ற சிலருக்கு இந்தத் தடையைத் தளர்த்தும் தற்காலிக ஏற்பாடு ஒன்று 2019 செப்டெம்பரில் தொடங்கியது. தற்காலிக ஏற்பாட்டை நம்பி உண்மையை மறைக்காதீர்கள்.

நீங்கள் ஏற்கெனவே "திருமணமாகாதவர்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. புறப்படும் நாள்வரை திருத்தம் கொடுக்கலாம். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகர் அலுவலகத்தில் பதிந்தவராயின் அங்கும் உங்கள் கோவையைத் திருத்தும்படி கேளுங்கள். அந்த அலுவலகம் ஒரே பாலினத் துணைகளையும் குடும்பமாகவே கணிக்கிறது. முதலில் ஏன் சொல்லவில்லை என்பதை உள்ளபடி எழுதுங்கள். படிவம் கொடுத்த பின்னர் தொடங்கிய உறவையும் புறப்படுமுன் அறிவிக்கவேண்டும்.

ஏனைய நாடுகளில்

அவுஸ்திரேலியா: 2009 ஜூலை முதல் ஒரே பாலினத் துணைகள் மற்றவர்களைப் போலவே துணை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 2017 டிசெம்பரில் திருமணமும் சட்டமானது. திருமணமாகாத துணைகள் பொதுவாக 12 மாத உறவைக் காட்டவேண்டும். ஆனால் அனுசரணை வழங்குபவர் மனிதாபிமான அடிப்படையில் நிரந்தர விசா பெற்றவராயிருந்து, விசா கிடைக்கும் முன்பே அந்த உறவு இருந்து, அதை அவர் திணைக்களத்துக்கு அறிவித்தும் இருந்தால் இந்த 12 மாத நிபந்தனை இல்லை. இங்கும் உரிமை முன்கூட்டியே அறிவிப்பதில் தங்கியிருக்கிறது.

ஐக்கிய இராச்சியம்: திருமணமாகாத துணைகளுக்கு 1997இலேயே சலுகை ஒன்று தொடங்கியது. இன்று திருமணம், சிவில் பங்காளித்துவம், திருமணத்துக்கு ஒப்பான இரண்டு வருட உறவு ஆகிய மூன்றும் ஏற்கப்படுகின்றன. 2024 ஜனவரிக்குப் பின்னர், அந்த இரண்டு வருடமும் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பிரித்தானியப் பிரஜை ஒருவர் துணையை அழைப்பதற்கான வருமான எல்லை 2024 ஏப்ரலில் வருடத்துக்கு 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது.

ஐக்கிய அமெரிக்கா: இங்கு திருமணமே பிரதானம். 1975இல் கொலராடோவில் திருமணம் செய்த அமெரிக்கரான ரிச்சர்ட் அடம்ஸ், அவுஸ்திரேலியரான அந்தனி சலிவன் ஆகியோரின் விண்ணப்பத்தைக் குடிவரவு அதிகாரிகள் நிராகரித்தனர். நீதிமன்றமும் 1982இல் அதையே உறுதிசெய்தது. 2013 ஜூன் 26ஆம் திகதி உச்ச நீதிமன்றம் வின்ட்சர் வழக்கில் தீர்ப்பளித்த பிறகே இந்தக் கதவு திறந்தது. அடம்ஸ் 2012இல் இறந்துவிட்டார். சலிவனுக்கு வதிவிட அட்டை 2016இல் கிடைத்தது. இன்று, திருமணம் நடந்த இடத்தில் அது செல்லுபடியாகுமா என்பதையே அதிகாரிகள் பார்க்கிறார்கள். அமெரிக்கப் பிரஜை ஒருவர் திருமணம் செய்யவிருக்கும் துணையைத் தனி விசாவில் அழைக்கலாம். அவர் வந்து 90 நாட்களுக்குள் திருமணம் நடக்கவேண்டும். ஆனால் அகதியாகச் சென்றவர் பின்னர் துணையை அழைப்பதாயின், அவர் அமெரிக்காவுக்குள் செல்லும் முன்பே சட்டத் திருமணம் நடந்திருக்கவேண்டும். விண்ணப்பம் இரண்டு வருடங்களுக்குள் கொடுக்கப்படவேண்டும். கனடாவிலுள்ளது போல் பொதுச்சட்டத் துணை என்ற வகை இதில் இல்லை. அமெரிக்கா செல்லவிருப்பவர்கள் இதைப் புறப்படுமுன்னரே சட்டத்தரணியிடம் கேட்கவேண்டும்.

ஐரோப்பா: பிரான்ஸ் 2013இலும் ஜேர்மனி 2017இலும் சுவிட்சர்லாந்து 2022இலும் ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கின. ருமேனியரான அட்ரியன் கோமனும் அவரது அமெரிக்கக் கணவரும் தொடர்ந்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018 ஜூன் 5ஆம் திகதி முக்கிய தீர்ப்பொன்றை வழங்கியது. ஒன்றியப் பிரஜை ஒருவர் வேறோர் உறுப்பு நாட்டில் வாழ்ந்தபோது அங்கு சட்டப்படி ஒரே பாலினத் திருமணம் செய்து, பின்னர் தன் நாட்டுக்குத் திரும்பினால், அத்திருமணத்தைத் தனது சட்டத்தில் ஏற்காத நாடுகூட அந்தத் துணைக்கு வதிவிட உரிமையை மறுக்க முடியாது என்பதே அத்தீர்ப்பு.

அத்தாட்சி சேர்த்தல்

உறவை மறைத்தே வாழ்ந்தவர்களிடம் கூட்டு வங்கிக் கணக்கோ இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தமோ இருப்பது அரிது. அதிகாரிகளுக்கும் இது தெரியும். கிடைப்பதைச் சேருங்கள்:

• ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிய பற்றுச்சீட்டுகள்
• ஒன்றாகப் பயணம் செய்த டிக்கெட்டுகள், விடுதிச் சீட்டுகள், கடவுச்சீட்டு முத்திரைகள்
• தொலைபேசி அழைப்புப் பதிவுகள், கடிதங்கள், திகதி தெரியும் குறுஞ்செய்திகள்
• வெவ்வேறு காலங்களில் எடுத்த படங்கள்
• காப்புறுதியிலோ வேலைப் பதிவிலோ துணையின் பெயரைக் கொடுத்த பத்திரங்கள்
• உறவை அறிந்த நண்பர் அல்லது உறவினர் தரும் கடிதங்கள்

இவற்றோடு நீங்கள் இருவரும் தனித்தனியே ஒரு கூற்று எழுதுங்கள். எப்போது சந்தித்தீர்கள், எப்படிச் சேர்ந்து வாழ்ந்தீர்கள், எந்தக் காரணத்தால் பிரிந்திருந்தீர்கள், ஏன் சில ஆவணங்கள் இல்லை என்பவை அதில் இருக்கட்டும். திகதி சரியாக நினைவில்லையென்றால் "ஏறத்தாழ" என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய திகதிகள் நேர்முகத்தில் முரண்பட்டால் உண்மையான உறவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அந்தரங்கமான படங்களைக் கொடுக்கவேண்டாம். அவை தேவையில்லை.

வீட்டார் செய்து வைத்த திருமணம் இருந்தால்

குடும்பத்தின் நெருக்குதலால் ஓர் ஆணையோ பெண்ணையோ முன்னர் பதிவுத் திருமணம் செய்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அந்தத் திருமணம் முறிந்து நீங்கள் பிரிந்து வாழ்பவராயின், விவாகரத்து முடியாவிட்டாலும் கனடாவில் உங்கள் தற்போதைய துணையைப் பொதுச்சட்டத் துணையாகக் காட்ட வழி உண்டு. ஆனால் விவாகரத்து முடியும்வரை அவரைத் திருமணம் செய்ய முடியாது. அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளையும், அவர்கள் உங்களுடன் வராவிட்டாலும், கட்டாயம் அறிவியுங்கள்.

உங்கள் பாதுகாப்பு

நேர்முகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவர் ஊரவராகவோ உறவினருக்குத் தெரிந்தவராகவோ இருந்தால் பேசத் தயங்குவீர்கள். வேறொருவரைத் தரும்படி நேர்முகம் தொடங்குமுன்பே கேட்கலாம். ஆண் வேண்டுமா, பெண் வேண்டுமா என்பதையும் சொல்லலாம். காரணத்தை விளக்கவேண்டியதில்லை. துணையுடன் ஒன்றாக அல்லாமல் தனியாகப் பேசவும் கேட்கலாம்.

ஆவணங்களைத் தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். நீங்கள் மட்டும் திறக்கக்கூடிய மின்னஞ்சலில் ஒரு பிரதியைச் சேமியுங்கள். வீட்டு முகவரிக்குக் கடிதம் வருவது ஆபத்தென்றால் வேறு முகவரி கொடுங்கள். சத்தியக்கடதாசி தேவைப்பட்டால், ஊரில் உங்களை அறிந்த சமாதான நீதவானிடம்தான் போகவேண்டும் என்பதில்லை.

தரகர்கள் சொல்லும் கதைகளை நம்பவேண்டாம். "தனியாள் என்று போட்டால் கெதியாய் முடியும்" என்பார்கள். கெதியாய் முடிவது உங்களுடைய பயணம் மட்டுமே. உங்கள் துணை பின்னால் நின்றுவிடுவார். குடிவரவு விதிகள் மாறிக்கொண்டிருப்பவை. ஆகவே ஒப்பமிடுமுன் எங்கள் சட்ட உதவி உத்தியோகத்தரிடமோ குடிவரவுச் சட்டத்தரணியிடமோ அன்றைய நிலையைக் கேட்டறியுங்கள். நீங்கள் சொல்வது உங்கள் அனுமதியின்றி உங்கள் குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்படமாட்டாது.