உங்களுக்குத் தெரியுமா? நெட்டுக்குக் கட்டிய கோட்டை

சதுரங்கத்தில் ராஜாவும் யானையும் ஒருமுறைகூட நகராதிருந்தால்தான் இரண்டையும் ஒரே நகர்வில் இடம்பெயர்த்துக் கோட்டை கட்டலாம் என்ற விதியைக் கூர்ந்து நோக்கிய நெதர்லாந்து எழுத்தாளர் டிம் கிராபே, 1972-இல் வெளியிட்ட விநோதப் புதிர் ஒன்றில், ராஜாவுக்கு நேரெதிரே எட்டாம் வரிசையை அடைந்து யானையாக அவதாரமெடுத்த சிப்பாய், பிறந்தது முதல் அசையாத யானையே என்று கொண்டு, ராஜாவை இரண்டு கட்டம் முன்னேற்றி, அந்த யானையைப் பலகையின் மறுகோடியிலிருந்து இறக்கி, ராஜாவின் முதுகுக்குப் பின்னே அமர்த்திவிட்டார். எத்தனை இனிய குறும்பு! இதனால் திடுக்கிட்ட சர்வதேச சதுரங்க சம்மேளனம், ராஜாவும் யானையும் ஒரே கிடைவரிசையில் நிற்க வேண்டும் என்று அவசரமாக விதியைத் திருத்தியதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. ரசமான கதைதான், ஆனால் உண்மையன்று. அந்த நிபந்தனை சம்மேளனத்தின் 1930-ஆம் ஆண்டு விதிகளிலேயே தெளிவாக இருக்கிறது.