மாறும் தேவை, மாறும் திட்டம்

மென்பொருள் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் 'ஸ்பிரிண்ட்', 'ஸ்க்ரம்' என்று போனில் பேசக் கேட்டிருப்பீர்கள். விஷயம் இதுதான். வாடிக்கையாளர் கேட்டதையெல்லாம் முதலிலேயே எழுதி வாங்கி, கடைசியில் மென்பொருளைக் காட்டுவது பழைய முறை. அதற்குள் அவர் தேவையே மாறிப்போயிருக்கும்.

இதற்கு மாற்றாக, 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர்கள் கூடி 'அஜைல்' அறிக்கையை உருவாக்கினார்கள். அவ்வகை முறைகளில் ஒன்றான ஸ்க்ரமில், ஒரு மாதத்துக்கு மிகாத ஸ்பிரிண்டுகளாக வேலை நடக்கும். ஒவ்வொன்றின் முடிவிலும் செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்பார்கள். தப்பு சீக்கிரம் தெரிந்துவிடும்.

அதற்காக ராப்பகலாய் உழைக்கச் சொல்லவில்லை. தொடர்ந்து தாங்கக்கூடிய சீரான வேகம் வேண்டும் என்பது அதன் 12 கோட்பாடுகளில் ஒன்று. புது வேலை உள்ளே வந்தால் பழையது ஒன்று தள்ளிப்போக வேண்டும். இதை மறந்தால் பெயர்தான் அஜைல். பிள்ளை வீடு திரும்புவது நடுநிசிதான்.