அடுத்து எந்த கேம், எந்தப் புத்தகம்? விமர்சனம் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியவை

அலமாரியில் பிரிக்காத புத்தகங்கள், லேப்டாப்பில் ஆஃபரில் வாங்கிப்போட்ட கேம்கள். வேலை முடிந்து வந்தால் கையில் இருப்பது ரெண்டு மணி நேரம். இதில் எதை முடிப்பது, எதைப் பற்றி எழுதுவது? பொழுதுபோக்காக விமர்சனம் எழுதும் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு இன்னொருத்தர் தன் சம்பளப் பணத்தைச் செலவழிக்கப் போகிறார். அதனால் தேர்வு முக்கியம்.

எல்லாரும் எழுதுறதையே எழுதணுமா?

வேண்டாம். பெரிய கேம் ஒன்று வெளியானால் அன்றைக்கே உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான விமர்சனங்கள் வந்துவிடும். அதில் உங்களுடையது இன்னொன்று, அவ்வளவுதான். உங்களால் மட்டுமே சொல்ல முடிந்தது என்ன என்று பாருங்கள்.

விருத்தாசலம் பக்கத்தில் உள்ள கம்மாபுரத்தில் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2020-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற இமையத்தின் 'செல்லாத பணம்' நாவல், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைச் சுற்றி நடக்கிறது. சொந்தக்காரருக்காக அந்த ஜிப்மரில் காத்துக்கிடந்தவர்கள் கடலூர் மாவட்டத்தில் நிறைய. கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை'யில் வருவது நடுநாட்டுப் பேச்சு. அது ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கிறதா என்று சென்னைக்காரரைவிட கம்மாபுரத்துக்காரர் சரியாகச் சொல்வார்.

கேமிலும் இப்படி உண்டா?

உண்டு. டொரண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா', 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்து இட்லி, புட்டு எல்லாம் செய்ய வேண்டும். 2024-ல் அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. வெளிநாட்டு விமர்சகர்களுக்கு அது புது உலகம். அந்த சமையல் நம்ம வீட்டு சமையல்தானா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

நேரமும் பணமும் கம்மி, என்ன செய்ய?

நீளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 'வெண்பா'வை ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். ஐம்பது, நூறு மணி நேரம் இழுக்கும் கேமை எடுத்தால் அந்த மாதம் வேறெதுவும் ஓடாது. பெரிய கேம் ஒன்று எடுத்தால், கூடவே ஒரு சிறுகதைத் தொகுப்பு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டீமில் வாங்கிய கேம் பிடிக்கவில்லையென்றால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். புத்தகத்துக்கு நூலகம் இருக்கிறது. நாட்டுடைமையான படைப்புகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தனின் படைப்புகள் அந்த வகையில் வருபவை. திருட்டு பிடிஎஃப் மட்டும் வேண்டாம். விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்ட பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. முழுப் புத்தகத்தையும் பகிர்வது வேறு கதை.

ஓசியில் வந்தா?

வாங்கலாம். ஆனால் சொல்லிவிடணும். பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விதி. தவறான விளம்பரத்துக்குத் துணைபோனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரூ.10 லட்சம் வரை அபராதம். மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரை போகும்.

பணம் கட்டி ஆடும் ரம்மி மாதிரியான ஆப்களிலிருந்து அழைப்பு வந்தால் யோசிக்கவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், அவற்றை விளம்பரப்படுத்துபவருக்கு 2 ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம் என்கிறது.

எழுதும் முன் மூணு கேள்வி

இதை முழுசா முடிக்க என்னால் முடியுமா? மற்றவர்கள் சொல்லாத எதையாவது என்னால் சொல்ல முடியுமா? பிடிக்கலைன்னா அதையும் அப்படியே எழுதுவேனா? மூணுக்கும் 'ஆமா' என்றால் அடுத்த விமர்சனத்துக்கு அதுவே சரி. மூணாவதுக்கு 'இல்லை' என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுங்கள்.