குறுக்கீடும் பூட்டும்

"கம்ப்யூட்டர் எப்போதும் ஒரே மாதிரிதானே கணக்குப் போடும், நேற்று ஓடியது இன்று ஏன் நிற்கிறது?" என்று சங்க நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அந்த வகைப் பிழைகளைத் தேடுவதே என் தொழில் என்பதால், ஒன்றை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

நெட்வொர்க் அட்டைக்குத் தகவல் வந்தால் அது செயலிக்கு ஒரு சைகை அனுப்பும். இதுதான் இன்டரப்ட், தமிழில் குறுக்கீடு. செயலி கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு, அதற்கான நிரலை முடித்துவிட்டுத் திரும்பும். சமையலின் நடுவே வாசல் மணிக்குப் போய் வருகிற மாதிரி.

வரிசையில் 7 பொட்டலங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். பிரதான நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நாம் ஒரே வரியில் எழுதினாலும் பல செயலிகளில் அது மூன்று படிகள்: எண்ணைப் படி, கழி, திரும்ப எழுது. 7 என்று படித்த கையோடு குறுக்கீடு புகுந்து, புதுப் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து, 8 என்று எழுதிவிட்டுப் போகிறது. திரும்பி வந்த பிரதான நிரல் பழைய 7-இல் கழித்து 6 என்று எழுதும். சரியான விடை 7. ஒரு பொட்டலம் கணக்கிலேயே இல்லை!

இதற்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர். லட்சம் முறை சரியாக ஓடும். ஒரு முறை தவறும். பிழையைப் பிடிக்க நடுவில் ஒரு பிரிண்ட் வரி சேர்த்தால் நேரம் மாறி, பிழை ஒளிந்துகொள்ளும். சாதாரண விஷயமல்ல. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவி 6 நோயாளிகளுக்கு அளவு மீறிக் கதிர் பாய்ச்சியது. சிலர் இறந்தே போனார்கள். காரணங்களில் ஒன்று இதே இனத்துப் பிழை.

தீர்வு? அந்த மூன்று படிகளுக்கு மட்டும் குறுக்கீட்டை அடைத்து வைக்கலாம். ஆனால் அது நம் செயலியை மட்டுமே கட்டும். பக்கத்துச் செயலி அதே எண்ணைத் தொடலாம். எல்லாச் செயலிகளையும் ஒருசேர அடைக்கும் வழி லினக்ஸில் முன்பு இருந்தது. வேகத்தைக் கெடுத்ததால் 2002-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது ஸ்பின்லாக் என்ற பூட்டு. அதிலும் ஒரு கண்ணி: பூட்டை வைத்திருக்கும்போதே அதே செயலியில் குறுக்கீடு வந்து, அதே பூட்டைக் கேட்டால்? நிரல் முடியாமல் பூட்டு கிடைக்காது, பூட்டு கிடைக்காமல் நிரல் முடியாது. அவ்வளவுதான், மெஷின் உறைந்துவிடும். ஆகவே முதலில் குறுக்கீட்டை அடைத்து, பிறகுதான் பூட்ட வேண்டும். விடும்போது பூட்டைத் திறந்துவிட்டு, குறுக்கீட்டை முன்பிருந்த நிலைக்கே கொண்டுவர வேண்டும். நம்மை அழைத்தவர் ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தால், நாம் திறந்துவிட உரிமையில்லை.