இசைத்தட்டுக் கடையில் தொடங்கிய பயணம்

மின்னணு இசை வகைகளுள் ஒன்று டப்ஸ்டெப். 2000ஆம் ஆண்டையொட்டி, லண்டன் மாநகரின் தென்பகுதியில் இது உருவானது. இதன் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 140 துடிப்புகள். எனினும், தாளம் பாதி வேகத்தில் விழுவதால், இசை நிதானமாக நகர்வதுபோல் தோன்றும். மிகத் தாழ்ந்து ஒலிக்கும் ‘பேஸ்’ ஓசையே இவ்விசையின் உயிர்நாடி. பெரிய ஒலிபெருக்கியின் முன் நிற்பவர்கள் அதைக் காதால் கேட்பதோடு, நெஞ்சில் அதிர்வாகவும் உணர்வார்கள்.

இவ்விசையை வளர்த்தவர்களுள் ஒருவர், ‘ஸ்கிரீம்’ என்னும் மேடைப்பெயர் கொண்ட ஆலிவர் ஜோன்ஸ். 1986இல் பிறந்த இவர், பதின்ம வயதிலேயே குரோய்டன் நகரிலிருந்த ‘பிக் ஆப்பிள்’ இசைத்தட்டுக் கடையில் வேலை செய்தார். அக்கடையே அவருக்கு இசைப்பள்ளியாக அமைந்தது. சுமார் 15 வயதில், ‘ஃபுரூட்டி லூப்ஸ்’ என்னும் கணினி மென்பொருளைக் கொண்டு சொந்தமாக இசையமைக்கத் தொடங்கினார். அதே நகரைச் சேர்ந்த ‘பெங்கா’ அவருக்கு நண்பரானார். இருவரும் தாங்கள் உருவாக்கிய இசையைத் தொலைபேசி வழியாக ஒருவருக்கொருவர் ஒலிக்கச் செய்து, கருத்துக் கேட்டுக்கொள்வார்கள்.

நல்ல இசையை உருவாக்கினால் மட்டும் போதுமா? அது மக்களின் செவிகளை எட்ட வேண்டுமே! அக்கடையில் பணியாற்றிய டிஜே ஹாட்சா, இவ்விளைஞர்களின் படைப்புகளை நடன அரங்குகளில் ஒலிக்கச் செய்தார். அக்காலத்தில், புதிய இசையை ‘டப்பிளேட்’ எனப்படும் தட்டில் ஓரிரு பிரதிகளாக மட்டும் பதிவு செய்வர். சில பத்து முறை ஒலித்தாலே அத்தட்டு தேயத் தொடங்கிவிடும். ஆகவே, கூட்டத்தினர் எதை வரவேற்கிறார்கள் என்பதை அறிந்த பிறகே, அதனைப் பல பிரதிகளாக வெளியிடுவர்.

2005இல் வெளிவந்த ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’ என்னும் இசை, ஸ்கிரீமின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. அப்போது அவருக்கு வயது 19. மறு ஆண்டே அவரது முதல் இசைத்தொகுப்பு வெளியானது. 2009இல், ‘லா ரூ’ குழுவின் பாடல் ஒன்றை அவர் மறுவடிவமைத்தார். அது பரவலான பாராட்டைப் பெற்றது. பெங்கா, ஆர்ட்வொர்க் ஆகியோருடன் இணைந்து ‘மேக்னட்டிக் மேன்’ குழுவை நடத்தினார். 2010இல் வெளிவந்த அக்குழுவின் இசைத்தொகுப்பு, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது.

அதற்குள் டப்ஸ்டெப் கடல் கடந்து அமெரிக்காவிலும் பரவியது. அதன் ஓசையும் ஆரவாரம் மிக்கதாக மாறியது. அந்த அலையிலேயே ஸ்கிரீம் மிதந்து சென்றிருக்கலாம். ஆனால், அவர் ‘ஹவுஸ்’, ‘டிஸ்கோ’ ஆகிய இசை வகைகளை நோக்கித் திரும்பினார். பழைய இசையை எதிர்பார்த்த ரசிகர்கள் சிலர் ஏமாற்றமடைந்தனர். எனினும், புதிய பாணியிலும் அவர் மேடைகளில் தொடர்ந்து இடம்பெற்றார்.

ஸ்கிரீமின் வளர்ச்சிக்குத் திறமை மட்டுமே காரணமன்று. கேட்டுப் பழகிய கடை, குறைநிறைகளைச் சொன்ன நண்பர், வாய்ப்பளித்த மூத்தவர் ஆகிய அனைவருக்கும் அதில் பங்குண்டு. கைவந்த பாணியிலேயே நின்றுவிடாமல் புதியதைக் கற்கும் துணிவோ அவருடையது.