கை திரும்ப எத்தனை தடவை?

மூளையின் எடை சுமார் 1.4 கிலோ, உடல் எடையில் 2 சதவீதம். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. கையிருப்பு என்று ஏதும் கிடையாது. ரத்த ஓட்டம் அடியோடு நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும்.

100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி ரத்தம் வர வேண்டும். வரத்து 20க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்துகின்றன. 10க்குக் கீழே போனால் சாகின்றன. ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் அவசர சிகிச்சை முழுக்க இந்த 20க்கும் 10க்கும் நடுவில்தான். கை தூங்கிப்போயிருக்கும், ஆனால் அதை ஆளும் செல்களுக்கு இன்னும் உயிர் இருக்கும். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் போகின்றன என்று 2006இல் நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு 4½ மணி நேரக் கெடு வைத்திருப்பது அதனால்தான்.

அப்படியானால் சிலிண்டர் ஆக்ஸிஜன் கொடுத்தால் ஆகாதா? 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 15 கிராம் இருந்தால் அது 20 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் அளவை 97 சதவீதம் என்று காட்டினால் லாரியில் சரக்கு ஏற்கெனவே நிரம்பியாயிற்று, அடைபட்டிருப்பது சாலை. பிரிட்டனில் 8,003 நோயாளிகளுக்கு நடந்த பரிசோதனை 2017இல் வெளியானது. எல்லோருக்கும் முன்கூட்டியே ஆக்ஸிஜன் வைத்ததால் மூன்று மாதம் கழித்து எந்த லாபமும் தெரியவில்லை. அளவு குறைந்தவர்களுக்குக் கொடுப்பது வேறு விஷயம். அதைத் தவிர்க்கக் கூடாது.

உயரழுத்த ஆக்ஸிஜன் அறையையும் சிலர் நம்புகிறார்கள். 2013இல் வெளியான இஸ்ரேல் ஆய்வில் பக்கவாதம் வந்த 74 பேரைச் சேர்த்து, 2 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தலா 90 நிமிடமாக 40 தடவை கொடுத்தார்கள். ஆளுக்கு 60 மணி நேரம். முன்னேற்றம் இருந்ததாக அறிக்கை சொல்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்த குழுவுக்குப் போலி அறைச் சிகிச்சை தரப்படவில்லை. அதை மட்டும் நம்பி நகையை அடகு வைக்க நான் சொல்ல மாட்டேன்.

உண்மையான பற்றாக்குறை ஆக்ஸிஜனில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. அமெரிக்கா, கனடா பிசியோதெரபி மையங்களில் எண்ணிப் பார்த்தபோது, செயலிழந்த கைக்கு ஓர் அமர்வில் கிடைத்த செயல்பயிற்சி சராசரியாக 32 தடவை. இது 2009ஆம் ஆண்டுக் கணக்கு. விலங்கு ஆய்வுகளில் மூளை தன்னை மாற்றியமைத்துக்கொண்டது நாளுக்கு 400க்கு மேல் செய்தபோது. டம்ளரை எடு, வை, கையை விரி: இதை 32 தடவை செய்ய வைத்துவிட்டு, கை வரவில்லையே என்கிறோம்.

அதற்காக முதல் நாளே தீவிரமாக எழுப்பி நடமாட வைக்கக் கூடாது. 2,104 பேரிடம் நடந்த அவெர்ட் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடமாட வைத்தவர்களில் 46 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள்; வழக்கமான கவனிப்பில் 50.

உடல்நிலை சீரான பிறகு வேகம் கூட்டலாம். 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், வாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர். மணிக்கட்டைக் குறைந்தது 10 டிகிரியாவது நிமிர்த்த முடிந்தவர்கள். சிகிச்சை பெற்றவர்களின் நல்ல கையில் உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் அதைக் கழற்றாமல், இரண்டு வாரம் பலவீனமான கைக்கே வேலை கொடுத்தார்கள். ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. சிகிச்சையாளரின் நேரம்தான் இதில் செலவு. உறையின் விலை சொற்பம்.